அந்த வெள்ளை கேன்ல என்னதான் இருக்கு? வாசகர் கேள்வி பதில்

போன தடவை ஃபிஸ்டுலா கையை (டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச கை) எப்படிப் பாத்துக்கிறதுன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கையைப் பத்தி இல்ல, மெஷினுக்குக் கீழ வெச்சிருக்கிற கேனைப் பத்தி. படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னா 22 வருஷமா டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீஷியனா நிக்கிறேன், இத்தனை வருஷத்துல கேனைக் காட்டி 'இது என்ன தம்பி'ன்னு கேட்ட பேஷன்ட்டை ரெண்டு கை விரலுக்குள்ள எண்ணிடலாம். நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். எதையும் மாத்தறது உங்க நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) வேலை. அவர்கிட்ட போய் என்ன கேக்கணும்ங்கறது வரைக்கும்தான் என் வேலை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமா வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஏ, பின்னு ரெண்டு கேன் வைக்கிறாங்க. ஒண்ணா கலந்து ஒரே கேனா வெச்சா வேலை மிச்சம்தானே? அதுல மருந்து எதாவது இருக்கா, வெறும் உப்புத்தண்ணியா?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உப்புத்தண்ணிதாம்மா, ஆனா அந்த உப்புதான் மருந்தே. மெஷின்ல நிமிஷத்துக்கு 500 எம்.எல். ஓடுது, நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, 120 லிட்டர். நாமெல்லாம் ஒரு நாளைக்குக் குடிக்கிறது ரெண்டு லிட்டர், அதையும் குடல் பாத்துப் பாத்து உள்ள விடுது. உங்க வீட்டுக்காரர் ரத்தம் ஒரு மெல்லிசு சவ்வுக்கு இந்தப் பக்கம், 120 லிட்டர் தண்ணி அந்தப் பக்கம், நாலு மணி நேரம் ஒட்டிக்கிட்டே ஓடுது. ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கிறது தண்ணிக்குப் போகும், தண்ணில ஜாஸ்தியா இருக்கிறது ரத்தத்துக்கு வரும். யூரியா, கிரியாட்டினின் தண்ணில துளி கிடையாது, அதனால வெளிய போகுது. சோடியமும் கால்சியமும் அதே மாதிரி மொத்தமா போயிட்டா உயிருக்கே ஆபத்து, அதனால அதையெல்லாம் ரத்தத்துல இருக்க வேண்டிய அளவுக்குக் கிட்டத்தட்ட தண்ணிலயும் போட்டே அனுப்புறாங்க.

ஏ கேன்ல சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் உப்புகள், கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் (வினிகர்ல இருக்கிற அதே ஆசிட்), நிறைய கேன்ல குளுக்கோஸும் இருக்கும். பி கேன்ல இருக்கிறது முக்கியமா சோடியம் பைகார்பனேட், ஆப்பத்துக்குப் போடுற சோடா. கெட்டியா இருக்கிறப்ப இந்த ரெண்டும் சேந்தா கால்சியம் சுண்ணாம்பா படிஞ்சிடும், போர் தண்ணி காய வைக்கிற பாத்திரத்து அடியில வெள்ளையா பிடிக்குமே, அதேதான். அதனாலதான் மெஷின் உள்ள போய் ஆர்ஓ தண்ணியோட நீர்த்துப்போற வரைக்கும் ரெண்டையும் பிரிச்சே வைக்கிறோம். ஏ கேன்ல ஒரு பங்குன்னா மத்ததெல்லாம் சேந்து 34 பங்கு, சில கம்பெனி கேனுக்கு 44.

நீங்க கேட்ட ஒரே கேன் ஐடியா நிஜமாவே இருந்துச்சு. 1943-ல நெதர்லாந்துல கோல்ஃப்னு ஒரு டாக்டர் சாசேஜ் சுத்துற செலஃபேன் குழாயை ஒரு உருளைல சுத்தி, தொட்டித் தண்ணில உருட்டித்தான் டயாலிசிஸ் பண்ணார். அப்புறம் வந்தவங்க பைகார்பனேட் படியாம இருக்க தொட்டில கார்பன் டை ஆக்சைடு வாயுவை குமிழா விட்டுப் பாத்தாங்க, பெரிய பாடு. 1964-ல அமெரிக்காவுல சியாட்டில்காரங்க பைகார்பனேட்டுக்கு பதிலா அசிட்டேட் போட்டா ஒரே கேன் போதும், ஈரல் அதை பைகார்பனேட்டா மாத்திக்கும்னு கண்டுபிடிச்சாங்க. இருபது வருஷம் போல அதான் ஓடிச்சு. ஆனா பெரிய டயாலைசர் (ரத்தத்தை வடிகட்டுற சவ்வு இருக்கிற குழாய்), வேகமான டயாலிசிஸ்னு வந்ததும் ஈரல் மாத்துற வேகத்தை விட அசிட்டேட் ரத்தத்துல ஏறுற வேகம் ஜாஸ்தியாயிடுச்சு, மெஷின்லயே வாந்தி, தலைவலி, பிபி தொப்புன்னு விழறது. 1980-கள்ல திரும்ப பைகார்பனேட்டுக்கே வந்தாங்க, கேனும் ரெண்டாச்சு. என் சீனியர் ஒருத்தர் அசிட்டேட் காலத்து ஆளு, 'அப்பல்லாம் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வாந்தி பேசின் இருக்கும்டா'ன்னு சொல்லுவார்.

இன்னொண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சோடியத்தையும் பைகார்பனேட்டையும் மெஷின்ல பட்டனைத் தட்டியே கூட்டிக் குறைச்சுக்கலாம். பொட்டாசியமும் கால்சியமும் அப்படி இல்ல, கேனை மாத்தினாத்தான் மாறும். மெஷின் கண்டக்டிவிட்டின்னு ஒண்ணு காட்டும், 14 பக்கத்துல, அது மொத்த உப்பைத்தான் அளக்குது. கீழ வெச்சது 2கே கேனா 3கே கேனான்னு (கேன்னா பொட்டாசியம், 2, 3 அதோட அளவு) அதுக்குத் தெரியவே தெரியாது. கேன் லேபிளைப் படிக்கிற மனுஷனுக்குத்தான் தெரியும். அந்த மனுஷன் நீங்களாவும் இருக்கலாம்.

கேள்வி: டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நாக்கு வறண்டு தாகம் கொல்லுது. அடுத்த டயாலிசிஸுக்குள்ள நாலு கிலோ ஏறிடுது. சிஸ்டர் எல்லாரும் தண்ணி குடிக்கிறேன்னு திட்டுறாங்க. சத்தியமா ஒரு லிட்டருக்கு மேல குடிக்கிறது இல்ல சார்.
ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அண்ணே, நீங்க சொல்றதை நான் பாதி நம்புறேன், மீதி பாதிய சாம்பார், ரசம், மோர், இட்லிக்குள்ள இருக்கிற தண்ணிகிட்ட கேக்கணும். ஆனா திட்டுறது தப்பு. தாகம்ங்கறது மன உறுதி சம்பந்தப்பட்டது இல்ல, உப்பு சம்பந்தப்பட்டது. ஒரு லிட்டர் சலைன் பாட்டில்ல 9 கிராம் உப்பு இருக்கு. அதையே திருப்பிப் பாருங்க, 9 கிராம் உப்பு உடம்புல தங்கினா அதைக் கரைக்க ஒரு லிட்டர் தண்ணியை உடம்பு கேட்டு வாங்காம விடாது. யூரின் போகாத ஆளுக்கு அந்த ஒரு லிட்டர் அப்படியே ஒரு கிலோவா தராசுல நிக்கும்.

இப்ப கேனுக்கு வருவோம். ஒவ்வொருத்தர் ரத்தத்துக்கும் சோடியம் ஒரு இடத்துல நிக்கும், ஒருத்தருக்கு 134, ஒருத்தருக்கு 139, மாசா மாசம் எடுக்கிற டெஸ்ட்ல பெருசா மாறாது. உங்களுக்கு 134-ன்னு வெச்சுக்குவோம், மெஷின்ல 140 செட் பண்ணியிருக்குன்னா, நாலு மணி நேரமும் தண்ணில இருந்து உங்க ரத்தத்துக்கு உப்பு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் மூணு லிட்டர் தண்ணியை உறிஞ்சி எடுத்துக்கிட்டே இன்னொரு பக்கம் உப்பைக் கொடுத்து அனுப்புறோம். வீட்டுக்குப் போனதும் மூளை 'தண்ணி கொண்டா'ங்குது. அடுத்த தடவை நாலு கிலோ ஏறி வர்றீங்க, நாலு கிலோ எடுத்தா பிபி விழுது, கெண்டைக்கால் குரண்டுது, அதைத் தடுக்க சோடியத்தை இன்னும் கொஞ்சம் ஏத்துறோம். சுத்திச் சுத்தி அங்கதான் வரும்.

ஒரு குற்றத்தை ஒத்துக்கிறேன். சோடியத்தை ஏத்தி வெச்சா டெக்னீஷியனுக்கு சொகம். ஷிஃப்ட் அமைதியா ஓடும், யாருக்கும் பிபி இறங்காது, யாரும் 'காலு, காலு'ன்னு கத்த மாட்டாங்க. நானும் பண்ணியிருக்கேன். முதல் ஒரு மணி நேரம் 148 வெச்சு அப்புறம் படிப்படியா இறக்குற ப்ரொஃபைலிங் ஒரு காலத்துல பெரிய ஃபேஷனா இருந்துச்சு, கடைசில சராசரி என்னவோ உயரமாத்தான் நின்னுச்சு, பேஷன்ட் தாகத்தோடதான் வீட்டுக்குப் போனார்.

அதுக்காக நாளைக்கே போய் '134 வைங்க'ன்னு சண்டை போடாதீங்க. சடார்னு குறைச்சா பிபி விழும், சதை பிடிக்கும், தலைவலி வரும். உங்களோட கடைசி மூணு மாச சோடியம் ரிப்போர்ட்டையும், மெஷின்ல எவ்வளவு செட் பண்றாங்கங்கறதையும் ஒரே பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. குறைக்கணும்னு அவருக்குத் தோணினா ஒண்ணு ஒண்ணா, வாரக்கணக்குல இறக்குவார். சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னாலும் இதே தாகம் வரும், அதையும் பாத்துடுங்க. தூத்துக்குடிக்காரர்கிட்ட கருவாடு பத்தி நான் என்ன சொல்றது, நீங்களே புரிஞ்சுக்கோங்க.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸுக்கு முன்னாடி பொட்டாசியம் 6.4 வந்துச்சு. பொட்டாசியமே இல்லாத கேன் இருக்காமே, அதைப் போடச் சொன்னா மொத்தமா இறங்கிடும்ல? அவர் ஆசைப்படுற இளநியும் வாழைப்பழமும் கொடுக்கலாமான்னு பாக்கறேன்.
ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, பாசம் புரியுது, ஆனா இந்தக் கணக்கு ஆளைக் கொன்னுடும்.

பொட்டாசியம் ஏறினாலும் ஹார்ட்டுக்கு ஆபத்து, வேகமா இறங்கினாலும் ஆபத்து. ரத்தத்துல 6.4, தண்ணில 2-ன்னா நடுவுல இருக்கிற பள்ளம் 4.4. தண்ணில பூஜ்யம்னா பள்ளம் 6.4, முதல் ஒரு மணி நேரத்துலயே விறுவிறுன்னு இறங்கும், ஹார்ட் துடிப்பு தாறுமாறாக அதுவே போதும். அமெரிக்காவுல டயாலிசிஸ் சென்டர்லயே ஹார்ட் நின்னு போனவங்களை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2011-ல போட்டாங்க, அதுல 2-க்குக் கீழ பொட்டாசியம் உள்ள தண்ணில ஓட்டினவங்களுக்கு அந்த ஆபத்து ஜாஸ்தியா தெரிஞ்சுது. அதனால பொதுவா 2கே, சிலருக்கு 3கே. 1கே, பூஜ்யம் எல்லாம் எமர்ஜென்சில, மானிட்டர் போட்டு, டாக்டர் பக்கத்துல நின்னு பண்ற விஷயம். டிகாக்சின்ங்கற ஹார்ட் மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா இன்னும் கவனம்.

நம்ம ஊர்ல இதுல இன்னொரு சிக்கல். புஸ்தகத்துல எழுதியிருக்கிறதெல்லாம் வாரம் மூணு தடவைக்கு. காசு, தூரம், வேலை, ஏதோ ஒரு காரணத்துக்கு நம்மாளுங்க நிறைய பேர் ரெண்டு தடவைதான் வர்றாங்க. திங்கள், வியாழன்னா வியாழக்கிழமை இறங்கினவர் மறுபடி படுக்கிறது திங்கக்கிழமை, நாலு நாள். மூணு தடவை வர்றவங்களுக்கே அந்த ரெண்டு நாள் லீவுக்கு அப்புறம்தான் சாவும் ஹார்ட் அட்மிஷனும் ஜாஸ்தின்னு அதே 2011-ல இன்னொரு ஆராய்ச்சி சொல்லுச்சு. நாலு நாள்ல ஏறுறதை நாலு மணி நேரத்துல கேன் இறக்கணும்னு எதிர்பாக்கறோம். முடியும்னா மூணாவது நாளைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எத்தனை தடவைக்கு வரும்னு உங்க ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுக்கலாம்.

இளநி வேண்டாம். அது பொட்டாசியத் தண்ணி, ஒரு காய்க்குள்ள வாழைப்பழத்துக்கு மேலயே இருக்கும். உருளைக்கிழங்கையும் காயையும் சின்னதா நறுக்கி நிறைய தண்ணில வேக வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு தாளிச்சுக் கொடுங்க. கடைல 'பிபிக்கு நல்லது'ன்னு சோடியம் குறைச்ச உப்பு விக்கிறாங்களே, அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அதை மட்டும் வீட்டுக்குள்ளயே விடாதீங்க. இன்னொரு விஷயம், டயாலிசிஸ் முடிஞ்ச கையோட ரத்தம் எடுத்தா பொட்டாசியம் 3.2-ன்னு கூட வரும், அதைப் பாத்து பதறி ஜூஸ் கொடுத்த குடும்பம் எனக்குத் தெரியும். செல்லுக்குள்ள இருந்து கொஞ்ச நேரத்துல அதுவே வெளிய வந்து ஏறிக்கும்.

கேள்வி: 11 வருஷமா டயாலிசிஸ்ல இருக்கேன். எக்ஸ்ரேல ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்குன்னு சொல்லி கேனை 3.5-ல இருந்து 2.5-க்கு மாத்திட்டாங்க. இங்க எலும்பு வலி வேற. கால்சியத்தைக் குறைச்சா எலும்பு இன்னும் போயிடாதா? எங்க பழைய யூனிட்ல 1.25-ன்னு எழுதுவாங்க, இங்க 2.5-ன்னு எழுதறாங்க, யார் சரி?
ஒரு வாசகி, சேலம்

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல பதில், ரெண்டு பேரும் சரி. 1.25 மில்லிமோலும் 2.5 மில்லி ஈக்விவலன்ட்டும் ஒண்ணுதான், கிலோமீட்டரும் மைலும் மாதிரி. 1.5-ன்னா 3, 1.75-ன்னா 3.5. டயாலிசிஸ் யூனிட் மாறுறப்ப இந்தக் குழப்பத்துல தப்பு கேன் மாட்டினதை நான் கண்ணால பாத்திருக்கேன், அதனால நம்பரோட அலகையும் சேத்தே கேளுங்க.

கிட்னி போனா வைட்டமின் டி வேலை செய்யாது, பாஸ்பரஸ் ஏறும், கழுத்துல இருக்கிற பாரா தைராய்டு சுரப்பி பதறிப் போய் எலும்பைக் கரைச்சு கால்சியத்தை ரத்தத்துக்குக் கொடுக்கும். அந்த சுரப்பியை அடக்க ஒரு காலத்துல எல்லாருக்கும் 3.5 கேன்தான். அப்ப அதுதான் சரின்னு பட்டுச்சு. ஆனா பாஸ்பரஸைப் பிடிக்க சாப்பாட்டோட கால்சியம் மாத்திரை, மேல வைட்டமின் டி, அதுக்கு மேல கேன்ல இருந்து வாரம் மூணு தடவை கால்சியம்னு சேந்து சேந்து எலும்புக்குப் போகாம ரத்தக்குழாய்லயும் ஹார்ட் வால்வுலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி படிஞ்சுது. கேன் கால்சியத்துக்கும் எலும்புக்கும் நேர் ரோடு கிடையாதும்மா, அதான் நீங்க புரிஞ்சுக்க வேண்டியது. இப்ப கேடிகோங்கற சர்வதேச வழிகாட்டி சொல்றது 1.25-ல இருந்து 1.5 மில்லிமோல் வரைக்கும், உங்க 2.5 அதுக்குள்ளதான் வருது.

அதுக்காக குறைச்சா எல்லாம் நல்லதுன்னும் இல்ல. குறைஞ்ச கால்சியத்துல சிலருக்கு மெஷின்ல பிபி இறங்கும், ஹார்ட் துடிப்புல மாத்தம் வரலாம், பிடிஎச் (அந்த பாரா தைராய்டு சுரப்பியோட ஹார்மோன்) மெல்ல ஏறலாம். அதனால கேன் மாத்தின பிறகு கால்சியம், பாஸ்பரஸ், பிடிஎச் மூணையும் டாக்டர் சொல்ற இடைவெளில விடாம பாருங்க, எலும்பு வலிக்குக் காரணம் அந்த பிடிஎச் நம்பர்ல தெரிய வரலாம். பாரா தைராய்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு கதை தலைகீழ், பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை எல்லாம் விழுங்கும், அவங்களுக்கு உயர்ந்த கால்சியம் கேன்தான் வேணும். ஒரே யூனிட்ல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு பேருக்கு எதிரெதிரா தேவைப்படும், ஆனா யூனிட்ல ஸ்டாக் இருக்கிறது ஒரே கேன். வாங்கறது சுலபம், விலை கம்மி, குழப்பம் இல்லங்கறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. எல்லாருக்கும் ஒரே சைஸ் செருப்பு வாங்கி வெச்ச மாதிரி. ரெண்டு வகையாவது வெச்சிருக்கணும்.

பாஸ்பரஸ் மட்டும் கேன்ல பொதுவா கிடையவே கிடையாது, போனா போகட்டும்னு விட்டிருக்காங்க. அப்படியும் நாலு மணி நேரத்துல போறது பத்தாது, அதான் மாத்திரை. வீட்டுல தினம் ராத்திரி முழுக்க டயாலிசிஸ் பண்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் சில சமயம் பாஸ்பேட் குறைஞ்சு போய் தண்ணில திரும்பக் கலக்க வேண்டி வரும்.

கேள்வி: ஆர்ஓ தண்ணிதான்னு சொல்றாங்க, எங்க வீட்டு ஆர்ஓ மாதிரிதானா? எங்க யூனிட்டுக்கு வெயில் காலத்துல லாரித் தண்ணி வருது.
ஒரு வாசகர், சென்னை

பதில்: வீட்டு ஆர்ஓவோட இதை ஒப்பிடவே கூடாது. லாரித் தண்ணி வர்றது தப்பு இல்ல, அதுக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கறதுதான் விஷயம். மணல் ஃபில்டர், உப்பை மாத்துற சாஃப்ட்னர், குளோரினைப் பிடிக்கிற கார்பன் டேங்க், அப்புறம்தான் ஆர்ஓ. குளோரின், குளோரமின் கார்பனைத் தாண்டி வந்துட்டா ரத்த அணு உடையும், அதனால ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னாடியும் டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதணும்.

படிகாரம் தெரியும்ல, கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்க குடத்துல சுத்துவாங்களே. ஊர் தண்ணி சப்ளைலயும் அந்த அலுமினியம் உப்பைத்தான் போடுவாங்க. குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, வந்ததை கிட்னி வெளிய தள்ளிடும். டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு வாரம் மூணு தடவைன்னா 360 லிட்டர், தள்ள கிட்னி இல்ல. 1970-கள்ல அமெரிக்கா, இங்கிலாந்துல வருஷக்கணக்கா டயாலிசிஸ்ல இருந்தவங்களுக்கு பேச்சு குழறி, கை கால் வெட்டி இழுத்து, புத்தி பேதலிச்சு, எலும்பு முறிஞ்சு போச்சு. டென்வர்ல ஆல்ஃப்ரேங்கற டாக்டர் குரூப் 1976-ல இதுக்கு அலுமினியம்தான் காரணமா இருக்கும்னு எழுதினாங்க. இன்னிக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பான அளவு இருக்கு.

லாரித் தண்ணின்னதும் எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது பிரேசில்ல கருவாருங்கற ஊர். 1996 பிப்ரவரி, வறட்சி, ஏரித் தண்ணியை லாரில ஒரு டயாலிசிஸ் சென்டருக்குக் கொண்டு போனாங்க, சரியா சுத்திகரிக்கல. ஏரில இருந்த நீலப்பச்சைப் பாசியோட விஷம் மெஷின் வழியா ரத்தத்துக்கே போயிடுச்சு. சுமார் 130 பேஷன்ட்ல 100 பேருக்கு ஈரல் பழுதாச்சு, 50-க்கு மேல செத்துப் போனாங்க. அதனால உங்க யூனிட்ல தண்ணி டெஸ்ட் நோட்டு எங்கன்னு கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல. பாக்டீரியா கல்ச்சர், எண்டோடாக்சின் (பாக்டீரியாவோட விஷம்) ரிப்போர்ட் கேளுங்க. கோவிச்சுக்கிற யூனிட்னா அதுவே ஒரு பதில்தான்.

கேள்வி: மெஷின்ல போட்டதும் அம்மாவுக்கு குளிருதுன்னு ரெண்டு போர்வை கேக்கறாங்க. தண்ணி சில்லுன்னு இருக்குமா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: 35.5, 36 டிகிரில ஓட்டுவாங்க, உடம்பு சூட்டை விட கொஞ்சம் கம்மி. ரத்தக்குழாய் சுருங்கி பிபி பிடிச்சு நிக்கும், அதுக்குத்தான். ஆனா எல்லாருக்கும் குளிர்ச்சியா ஓட்டினா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு நம்பிக்கிட்டு இருந்ததை கனடாவுல ஒன்டாரியோல 84 சென்டர்ல, 15,000 பேருக்கு மேல வெச்சுப் பாத்தாங்க. 2022-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு, சாவும் ஹார்ட் அட்மிஷனும் குறையல, பேஷன்ட்டுக்கு குளிரினது மட்டும்தான் மிச்சம். அம்மாவுக்கு பிபி இறங்குற பழக்கம் இல்லன்னா அரை டிகிரி ஏத்த முடியுமான்னு கேளுங்க. ஆனா போர்வைக் குளிர் வேற, பல்லு கட்டி உடம்பு தூக்கிப் போடுற குளிர் வேற. ரெண்டாவது வந்தா, காய்ச்சலும் சேந்தா, தண்ணிலயோ கதீட்டர்லயோ (கழுத்துல போட்டிருக்கிற டயாலிசிஸ் குழாய்) இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம், அப்பவே சிஸ்டரைக் கூப்பிடுங்க. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே நேரம் நடுங்குதுன்னா தண்ணி மேலதான் முதல் சந்தேகம்.

கேள்வி: டயாலிசிஸ் கடைசி ஒரு மணி நேரத்துல சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டுது. இன்சுலின் போடறேன்.
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கேன்ல குளுக்கோஸ் இருக்கான்னு பாருங்க. இல்லாத கேன்னா ஒரு தடவைக்கு 25, 30 கிராம் சர்க்கரை தண்ணியோட போயிடும். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ள கேன் உங்களை மாதிரி ஆளுக்கு பாதுகாப்பு. டயாலிசிஸ் நாள்ல காலை இன்சுலின் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட தனியா கேட்டுக்கோங்க, நீங்களா குறைக்க வேண்டாம். கைல ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்.

கேள்வி: முடிஞ்சு எந்திரிக்கிறப்ப உதட்டைச் சுத்தியும் விரல் நுனிலயும் மரமரன்னு இருக்கு, அன்னிக்குப் பூரா அசதி. ஏன்?
ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பைகார்பனேட் ஜாஸ்தியா போறப்ப இப்படி ஆகறது உண்டு. ரத்தத்துல சேந்த அமிலத்தை முறிக்கத்தான் அதைக் கொடுக்கறோம், தண்ணில 32-ல இருந்து 35 வரைக்கும் சாதாரணம். டயாலிசிஸுக்கு முன்னாடி ரத்தத்துல 22-க்குக் கீழ போகக் கூடாதுன்னு பாப்பாங்க. ஆனா ஏற்கனவே 26 இருக்கிறவருக்கும் 38 வெச்சு ஓட்டினா ரத்தம் காரமாகி, வேலை செய்யற கால்சியம் குறைஞ்சு, பொட்டாசியமும் செல்லுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கும். ஏ கேன்ல இருக்கிற அசிட்டேட்டும் ஈரல்ல பைகார்பனேட்டாத்தான் மாறும், அதைக் கணக்குல சேக்காம விடறாங்கன்னு 2012-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிக்கை விட்டுச்சு. சோடா மாத்திரையும் தனியா சாப்பிடறீங்கன்னா அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அசதிக்கு வேகமா தண்ணி எடுக்கறதும் காரணமா இருக்கும், ரத்தம் கம்மியா இருக்கறதும் காரணமா இருக்கும், எல்லாத்தையும் கேன் தலைலயே கட்ட முடியாது. ஆனா அசிடிட்டின்னு நெஞ்சுக்கரிப்பு மாத்திரையை வருஷக்கணக்கா போடறவங்க மக்னீசியத்தையும் ஒரு தடவை பாத்துக்கலாம், அது குறைஞ்சாலும் சதை பிடிக்கும்.

கேள்வி: அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல பேத்தி கல்யாணம். நாலு நாள் தங்கணும், ஒரு டயாலிசிஸ் அங்க பண்ணிக்கணும். நம்ம கேனையே எடுத்துட்டுப் போயிடலாமா?
ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, கேனைத் தூக்கிட்டு பஸ் ஏறாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி கலக்குற விகிதம் வேற, 34-க்கு உண்டான கேனை 44-க்கு செட் பண்ணின மெஷின்ல மாட்டினா அலாரம்தான் அடிக்கும். ஒரு பேப்பர் போதும். உங்க யூனிட் டெக்னீஷியன்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க: கேன்ல பொட்டாசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு (அலகோட), குளுக்கோஸ் உண்டா இல்லையா, மெஷின்ல சோடியம், பைகார்பனேட், டெம்பரேச்சர் செட்டிங், உங்க ட்ரை வெயிட் (தண்ணி எல்லாம் எடுத்த பிறகு நிக்க வேண்டிய எடை), ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின் அளவு, எந்த டயாலைசர். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி ரிப்போர்ட் புதுசா இல்லாம எந்த யூனிட்லயும் படுக்க விட மாட்டாங்க, அதை இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க. அங்க 2கே கேன் இல்ல, 3கேதான் இருக்குன்னா ஒரு தடவைக்கு ஒண்ணும் பெருசா ஆகாது, ஆனா முடிவை உங்க டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டு அவங்களையே பேச வெச்சுடுங்க. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலைல டயாலிசிஸ் வெச்சுக்கோங்க, அன்னிக்கு சாயங்காலம் படுத்து எந்திரிச்சா மறுநாள் தெம்பா மணவறைக்கு வரலாம். பந்தில அப்பளமும் ஊறுகாயும் வைக்கிறப்ப கையை இலை மேல வெச்சு மறைச்சுக்கோங்க, பாயசம் ரெண்டு ஸ்பூன் பரவாயில்ல. பேத்திக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லுங்க.